பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

கும்மிடிப்பூண்டி வண்டியில்
பழைய லுங்கியில் முடிந்து
கால்களுக்கிடையில் வைத்திருக்கிறேன் மோட்டாரை.
ஒரு எச்.பி., பதினாலு கிலோ.
தண்டையார்பேட்டையில் ஏற்றிவிட்ட பையன்
"உள்ள இன்னாண்ணா, ஆட்டுத்தலையா?" என்றான்.

எதிர் இருக்கையில் கல்லூரிக் கூட்டம்.
பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிப்பார்களாம்.
பழவேற்காடு. படகு. பூநாரை.
டச்சுக்காரன் கல்லறையில்
கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு,
அதன் தோளில் கை போட்டு ஒரு போட்டோ.
"நீங்களும் அங்கதானா அங்கிள்?"
மீஞ்சூர் என்றேன்.
"அங்க என்ன இருக்கு?"

எண்ணூர் தாண்டியதும் சாம்பல் வாசம்.
அத்திப்பட்டில் ஏறிய ஒருத்தி
கருவாட்டுக் கூடையை மோட்டார்மேல் சாய்த்தாள்.
பதில் யோசிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

கேட் மூடியிருந்தது.
நிலக்கரி வண்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டி வரை எண்ணி
விட்டுவிட்டேன்.
கூட நின்ற யாரும் எதையும் பார்க்கவில்லை,
மணியைத் தவிர.
கோழித்தீவனம் ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால்
கார் ஒன்று கண்ணாடியை இறக்கி
"பீச்சுக்கு எப்டி போகணும்?" என்றது.
பழக்கடைக்காரர் தர்பூசணியிலிருந்து கத்தியை எடுக்காமலே
தலையால் வடக்கைக் காட்டினார்.
ஒரு நாளைக்கு எத்தனை முறை
அந்தத் தலை வடக்கே திரும்புமோ.

முனிரத்தினம் மூடியைக் கழற்றி
கருகிய சுருளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"பாருங்க, ஸ்லாட்டுல உளித் தழும்பு.
எவனோ அவசரக்காரன் ஒரு வாட்டி தோண்டிக்கிறான்.
அதுக்கப்புறம் கட்டினவன் கொஞ்சம் நிதானம்."
பேச்சை நிறுத்தி
நூல் முடிச்சை நகத்தால் நெருடினார்.
"இது நம்ம முடிச்சு."

நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லை என்றேன்.
எண்ணெய் ஏறிய நோட்டுகளில்
மூன்றாவதை இழுத்துப் பிரித்தார்.
பியூலா. தண்டையார்பேட்டை. 1 எச்.பி.
பாக்கி 150.
"ஒண்டியா தூக்கினு வந்தாங்க.
கை குடுக்கப் போனா தொடவே வுடல."

தேதியைப் பார்த்தேன்.
அந்த வருஷம் நான் தோஹாவில்
ஏசி டக்ட்டுக்குள் மல்லாந்து
ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.
அந்த ஞாயிறு ராத்திரிதான் அவள்
"இன்னிக்கு பழவேற்காடு போனேன்,
கடல்னா அதான் கடல்" என்றாள்.
மூணு நாளாய் மேலே தண்ணி ஏறாத வீட்டைப் போட்டுவிட்டு
ஊர் சுற்றப் போனாயா என்று
கார்டில் காசு தீரும்வரை கத்தினேன்.
அவள் அலையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நூற்றைம்பதை முதலில் கொடுத்தேன்.
நேற்று வைத்த பாக்கிபோல
ஒரு கோடு இழுத்து நோட்டை மூடினார்.

"வார்னிஷ் காய மூணு மணி நேரம் ஆவும்.
பழவேற்காடு பாத்துட்டு வாங்களேன்,
வர்றவங்கல்லாம் அதான் பண்றாங்க."

போகவில்லை.
மெஸ்ஸில் சாப்பிட்டேன். ரசம் பரவாயில்லை.
பக்கத்துக் கடையில் டார்ச்சுக்கு ஒரு செல் வாங்கினேன்,
தேவையில்லாமல்தான்.
அன்று அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று
பட்டறை வாசலைச் சுற்றிப் பார்த்தேன்.
புங்கமரத்தடியில்
சாலை உயர உயரப் புதைந்துபோன மைல்கல் ஒன்று.
'பழவே' மட்டும் மேலே,
மீதி எழுத்தும் தூரமும் மண்ணுக்குள்.
அதன்மேல் உட்கார்ந்தேன்.
வெயிலில் கல் சுட்டது.

ஃபோன் வந்தது.
"எங்க கீறீங்க?"
"பழவேற்காடு. சும்மா, கடல் பாக்கலாம்னு."
மாடிப்படியில் யாரோ குடத்தை நங்கென்று வைக்கும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.
வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன்,
நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வார்னிஷ் நல்லா காயட்டும்" என்றாள்.
"அவசரப்பட்டு எடுத்துனு வந்துடாதீங்க."