பதினாறடிக் குழாய்

ஆராதனை முடிந்த கையோடு
தேத்தண்ணி மேசையில் தீர்ப்புகள்.
சத்தம் கூடிப்போச்சு, என்றார் பொருளாளர் அருமைநாயகம்;
அவருக்கு விலையும் சேர்த்துக் கேட்டிருக்கும்.
பழைய ஆர்மோனியத்துக்கு எங்களைப்போல மூச்சிரைக்கும்,
இதுக்கு இளைப்பே வராதாம்,
பிறகெப்படிச் சேர்ந்து பாடுறது என்று
றோசலின் அக்கா.
காவலாளி சுனில் மட்டும் "ஹொந்தய்" என்று
முதுகந்தண்டைத் தொட்டுக் காட்டினான்.

என்னிடமும் ஒன்று இருந்தது.
மன்றாட்டு நேரம்,
எல்லாரும் கண்மூடியிருக்க,
வாங்குப் பலகை வழியே ஏறி
முழங்காலில் வந்து நின்ற அந்த அடிச்சுரம்.
கடற்பக்க யன்னலில்
ஆணி கழன்ற கண்ணாடி ஒன்று நடுங்கியது.
மகளின் விசா, சீனி, வாடகை
எல்லாம் விட்டுப்போய்
ஒன்றும் கேட்காமல் ஜெபித்தேன்,
வெள்ளவத்தைக்கு வந்த இருபது வருஷத்தில்
முதல் தரம்.

மாடியிலிருந்து இறங்கிய நிவேதனைப் பிடித்து
இதைச் சொன்னேன்.
விரல்களை உதறிக்கொண்டு சிரித்தான்:
"மன்றாட்டுக்கு நான் கையை எடுத்திட்டன், அங்கிள்.
அது பாணந்துறைக் கோச்சி."

இன்னொரு தேத்தண்ணி வார்த்துக்கொண்டேன்.
அபிப்பிராயத்தை மாற்றவில்லை.