அச்சடித்த ஓக்

கடைக்காரர் தந்த மாதிரித் துண்டுகள் ஐந்து,
உள்ளங்கை அகலம்.
ஓர் இரவு முழுக்க அவற்றின் மேல்
பீட்ரூட் சாறும் காப்பியும்
ரைவோவின் கடுகு விழுதும் கிடந்தன.
காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு
வீட்டுச் சாவியால் கீறிப் பார்த்தேன்.
ஐந்தும் தேறிவிட்டன.
அதுதான் சிக்கல்.

எனக்கு வெளிறிய ஆஷ்.
தார்ட்டூவில் நவம்பர் வந்தால்
மூன்றரை மணிக்கே விளக்கு போட வேண்டும்,
தரையாவது கொஞ்சம் வெளிச்சத்தை
வைத்துக்கொள்ளட்டுமே.
அவனுக்குப் புகையூட்டிய ஓக்.
"வெளிறியதில் துணுக்கெல்லாம் தெரியும்."
"கறுத்ததில் மாவு தெரியும்."
"நாம் தின்பது கறுப்பு ரொட்டி,
அதுவும் கடையில் வாங்குவது.
இந்த வீட்டில் மாவு பிசைவது யார்?"
தோற்றேன்.

பெட்டிகளைப் பிரிக்காமல்
நாற்பத்தெட்டு மணி நேரம்
சமையலறையிலேயே கிடத்த வேண்டுமாம்,
வீட்டின் சூட்டுக்குப் பழக.
நான் இந்த ஐந்தாம் மாடிக்குக் குடிவந்தபோது
யாரும் எனக்கு இரண்டு நாள் தரவில்லை.
மறுநாள் காலை நாலே முக்காலுக்கு
எட்டாம் எண் பஸ்ஸை எடுத்தேன்.
இவற்றுக்கு மட்டும் இத்தனை உபசாரம்.
தாண்டித் தாண்டிப் போய்
முட்டை வேக வைத்தோம்.

லினோலியத்தை உரித்தால்
நடுவில் பள்ளம், சூப் கரண்டி ஆழம்.
சாந்து ஊற்றிக் காயவிட்டு
நுரைப்பாய் விரித்து
முதல் வரிசை.
ஒன்றின் நாக்கை மற்றதன் காடியில்
சாய்த்து நுழைத்து அழுத்த,
'டக்'.
அது கேட்கும்வரை
இருவருமே மூச்சு விட்டிருக்கவில்லை.

சுத்தியல் தட்டத் தட்ட
கீழ்வீட்டு ஹெல்யு
வெந்நீர்க் குழாயில் பதில் தட்டினார்.
நாங்கள் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார்.
அளவெடுக்கும்போது நிலவிய அமைதியில்
ஒருமுறை அவரே முதலில் தட்டினார்,
என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல.

சுவரோரம் பத்து மில்லிமீட்டர் விட வேண்டும்.
குளிரில் சுருங்குமாம், கோடையில் விரியுமாம்,
இடமில்லாவிட்டால் நடுவில் எழும்பிக்கொள்ளுமாம்.
ஆப்பு செருகிக்கொண்டே ரைவோ
"இதை வைத்து ஏதும் சொல்லிவிடாதே" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் வரிசையில்தான் கண்ணில் பட்டது
அந்தக் கணு.
காக்கை அலகுபோல் ஒரு கீற்றோடு.
ஒரு பலகை தள்ளி
அதே கணு, அதே அலகு.
எங்கோ நின்ற ஒரு மரத்தை
யாரோ ஒருமுறை படம் பிடித்துவிட்டார்கள்,
அது இன்னும் வீடு வீடாய்
அடுப்படியில் படுத்துக்கொண்டிருக்கிறது.
ரைவோ ஒன்றைக் கழற்றி
கதவோரத்துக்கு மாற்றினான்,
வகுப்பில் பேசும் இரட்டையரைப் பிரித்து உட்காரவைப்பதுபோல.

பிறகு, குழாய்க்குத் துளையிட்டதில்
இடம் வலம் மாறி இரண்டு பலகை வீண்.
மாற்றியது யாரென்று
இன்றுவரை முடிவாகவில்லை.
கடைக்குப் போன் போட்டால்
"அந்த ஓக் நின்றுபோய்விட்டதே.
ஆஷில் மூன்று இருக்கிறது, பெட்டி உடைந்தது,
சும்மாவே எடுத்துப்போங்கள்."
ஒரே கம்பெனி, ஒரே பூட்டு.
ஃப்ரிட்ஜ் நிற்கும் மூலையில்
மூன்றும் பொருந்திக்கொண்டன.
மேலே ஃப்ரிட்ஜைத் தள்ளினோம்.
யாருக்கும் தெரியாது.
ஹெல்யு கேக்கோடு வந்து
கறுத்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்,
"சத்தமே இல்லையே" என்றார்,
கொஞ்சம் ஏமாற்றமாக.

ஏப்ரலில் தூசி துடைக்க
ஃப்ரிட்ஜை இழுத்தேன்.
ஜன்னல் வெயில் நேரே வந்து
அந்த மூன்று பலகையில் உட்கார்ந்தது.
ரைவோ வாசலில் நின்று பார்த்தான்.
குனிந்து
ஒரு கறுப்புத் துணுக்கை
விரல்நுனியில் ஒற்றி எடுத்துக் காட்டினான்.
"தெரிகிறது, பார்."

தெரிந்தது.
ஃப்ரிட்ஜை உடனே தள்ளவில்லை.
பால் கெடாத அளவுக்கு
கொஞ்ச நேரம்.