பதினேழாம் எண்

தகவல் தாளில் ஆயுளுக்கு இரண்டு வரி.
சும்மா தட்டிக்கொண்டிருந்தால் ஒரு கோடி முறை.
சுமையோடு என்றால் ஒரு லட்சம்.
நடுவில் ஒரு மெல்லிய கோடு.
அச்சடித்தவனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஸெலெஸ்னிகியில் பிப்ரவரி.
சோரா ஆறு ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கூடத்தில் இருபத்துநான்கு ரிலேக்கள்,
தெளிந்த உறைக்குள்,
ஆறு நொடிக்கொரு முறை
சேர்ந்து
பிரிந்து.
ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்புச் சுருள் சுமை.
கறவை இயந்திரம் செய்கிறவர்கள் கேட்டது லட்சம்;
ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

சேரும்போது பெரிதாய் ஒன்றும் ஆவதில்லை.
பிரியும்போதுதான் தீ.
ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தச் சுருளுக்கு மனம் வராது;
வெள்ளிக்கும் வெள்ளிக்கும் இடையே
அரை மில்லிமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு
நீலமாய் ஓர் இழை,
பார்ப்பதற்குள் போய்விடும்.
போகும்போது வெறுங்கையோடு போகாது.
ஒரு முகத்தில் துளி சுரண்டி
எதிர்முகத்தில் அப்பிவிட்டுப் போகும்.

வெள்ளிக்கிழமை நான்காம் எண் ஒட்டிக்கொண்டது,
61,212-இல்.
திருப்புளியின் பிடியால் ஒரு தட்டு. விட்டுவிட்டது.
தட்டி விட்டாலும் செத்ததுதான், விதி அப்படி.
நுண்ணோக்கியில் இங்கே ஒரு மேடு, அங்கே ஒரு பள்ளம்,
அளவெடுத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று.
"பல்லும் ஈறும்" என்றான் யெர்னேய்,
வாயில் ரொட்டியோடு.

பிறகு ஒன்பது, இருபத்திரண்டு, ஒரே இரவில் மூன்று.
லட்சம் தாண்டியது; வாடிக்கையாளருக்குத் திருப்தி.
பதினோராம் நாள் மிஞ்சியவை மூன்று,
அதில் எல்லோருக்கும் செல்லம் பதினேழு.
இரண்டின் உறைக்குள் புகை படிந்து மங்கியிருக்க
அது மட்டும் கழுவிக் கவிழ்த்த தம்ளர்போல் இருந்தது.
பத்து மணி யோட்டா சூப்பின்மேல் பந்தயம் கட்டினார்கள்.
"வார்ப்பில் ஏதோ இருக்கிறது, ஸ்வொன்கா,
எழுதி வை" என்றார் பொகோமிர்.
எழுதி வைத்தேன்.

மாலை, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி,
பேருந்துக்குப் பாதி தூரம் போனபின்
ஒரு கையுறை இல்லை.
திரும்பினேன்.
இருட்டில் சாவி துழாவி, இருட்டிலேயே நுழைந்தேன்.

டக்.
நீலம் ஒன்று. நீலம் இரண்டு.
காத்திருந்தேன். ஆறு நொடி.
டக். ஒன்று. இரண்டு.
பதினேழின் இடத்தில் சத்தம் இருந்தது,
சுத்தமான, இளைய சத்தம்.
ஒளி இல்லை.

எங்கள் பழைய காவல் சுற்று
ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடிக்கும்.
ஒன்றையும் தொடாமல் இருப்பதைக்
கண்டுபிடிக்கச் சொல்லி அதை யாரும் கட்டவில்லை.

கைவிளக்கில் பார்த்தேன்.
சுமைக் கம்பி முனையத்துக்குள் இருந்தது,
இருந்தது, அவ்வளவுதான்;
திருகு முறுக்கப்படவில்லை.
யெர்னேயைத் திட்ட வாய் எடுத்து
இணைப்புத் தாளைப் புரட்டினேன்.
கையெழுத்து என்னுடையது.

1,63,480.
இத்தனை முறை வா என்றதும் வந்து
போ என்றதும் போய்
ஒரு துளி வெள்ளி இழக்கவில்லை.
கோபப்பட என்ன இருக்கிறது,
யாரும் அதனிடம் எதையும் கொடுக்கவில்லையே.

பொகோமிருக்காக எழுதிய வரியை அடித்துவிட்டு
ஓரத்தில் போட்டேன்: செல்லாது.
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு தேதி.

மின்சாரத்தை நிறுத்தி, திருகை முறுக்கி,
ஒருமுறை இழுத்துப் பார்த்து,
எண்ணியைச் சுழியத்துக்குத் திருப்பினேன்.
கையுறை கோட்டுப் பையிலேயே இருந்தது.
கீழே ஆறே காலின் பேருந்து
பாலத்தைக் கடக்கும் சத்தம்.

விளக்கைப் போடவில்லை.

டக்.
ஒன்று, இரண்டு,
அப்புறம், மற்றவற்றைவிடச் சற்று வெளிறி,
பழக்கமில்லாததுபோல்,
மூன்று.