ஒன்றாம் வகுப்பு சி பிரிவின் வீடுகள்

இந்த வாரத் தலைப்பு 'எனது வீடு'.
கொண்டுவர வேண்டியவை:
செருப்புப் பெட்டி ஒன்று, ஐஸ் குச்சி பத்து, பழந்துணி.
ஜிகினாத்தூள் வேண்டாமென்று அடிக்கோடிட்டு அனுப்பியும்
ஜெஸ்வின் கொண்டுவந்துவிட்டான்.
மதியத்துக்குள் ஏசி அதை
இருபத்தெட்டுத் தலைகளுக்கும் பங்கிட்டுவிட்டது.

நான் செய்து காட்டிய மாதிரிக்குச்
சரிந்த கூரை, புகைபோக்கி, வாசலில் ஒரு வாத்து.
ரோலாவில் யாருக்கு இருக்கிறது அப்படி வீடு?
பிள்ளைகள் வாத்தைப் பொருட்படுத்தவில்லை.
நூல் கட்டி லிஃப்ட் வைத்தான் ஒருவன்.
ஏழாவது மாடியில் நின்றுவிட்டதாம், இழுக்கக் கூடாதாம்.
மெஹ்ரின் தன் ஜன்னலுக்கு வெளியே
இன்னொரு ஜன்னல் ஒட்டினாள்.
அதில் ஒரு ஆள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

தஸ்னீம் பெட்டியை மூன்றாக்கியிருந்தாள்.
லபன் அட்டையைக் கீறி இரண்டு சுவர்,
ஸ்கேல் இல்லாமலே நேராக.
"இதுல நாங்க நாலு பேர்.
இதுல ரோவேனா ஆன்ட்டியும் அவங்க தங்கச்சியும்.
இது ஹைதராபாத் மாமா மாமி, தட்டாம போகக் கூடாது."
சுவர்கள் கூரையைத் தொடவில்லை.
குட்டையாய் வெட்டிட்டியா, வேற அட்டை தரவா என்றேன்.
பென்சில் சீவத் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"ஏசி ஒண்ணுதான் மிஸ். எல்லாருக்கும் காத்து போகணும்ல?"
பிறகு, நான் கேட்காமலே:
"ஆன்ட்டி அந்தப் பக்கம் தும்முனா
அம்மா இந்தப் பக்கமிருந்து டிஷ்யூ டப்பாவத் தூக்கிப் போடுவாங்க.
ஒருநாள் திரும்பி வந்தப்ப உள்ள சாக்லேட் இருந்துச்சு."

மூன்று நட்சத்திரம் போட்டேன்.
அந்த ஒரு சாண் இடைவெளி எனக்கும் தெரியும்.
எங்கள் ஹாலை மறித்து நிற்கும் ஜிப்சம் பலகை
நாங்கள் போட்டது.
மாதம் தொள்ளாயிரம் திர்ஹம், ஐந்தாம் தேதிக்குள்,
கரண்ட் தனி.

புதன் மாலை அவள் அப்பா வந்தார்.
சட்டைப் பையில் கம்பெனிப் பெயர், அதன்மேல் கிரீஸ்.
"கண்காட்சிக்கு வெளியாளுங்க வருவாங்களாமே மிஸ்.
போட்டோவெல்லாம் எடுப்பாங்களாமே.
அந்தச் செவர மட்டும் கொஞ்சம்..."
முடிக்கவில்லை.
முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.
"புள்ள கற்பனைன்னு சொல்லிரலாம்.
ஆனா கட்டில் இருக்கிற மூலை மொதக்கொண்டு
அப்படியே செஞ்சு வச்சிருக்கா."
சிரித்தார். நானும் சிரித்தேன்,
ஏதோ தப்பை இருவரும் சேர்ந்து செய்ததுபோல.

அவள் பார்க்காதபோது பிய்த்துவிட நினைத்தேன்.
பசை விடவில்லை.
காலையில் அவளிடமே கத்தரியைக் கொடுத்தேன்,
முனை மழுங்கியதை, எதையும் வெட்டாததை.
ஏன் என்று கேட்பாள் என்று
இரவே ஒரு பொய் தயாரித்திருந்தேன்.
கேட்கவில்லை. வீட்டில் சொல்லியிருப்பார்கள்.
நெம்பி நெம்பி எடுத்தாள்.
இரண்டு சுவரையும் நடுவில் படுக்கப் போட்டுக்
கீழே ஐஸ் குச்சிக் கால் வைத்தாள்.
"சாப்பாட்டு மேசை மிஸ். எட்டுப் பேருக்கு."

வந்தவர்
தீயணைப்புக் குடுவையின் தேதியைப் பார்த்தார்.
கத்தரிக்கோல்களை எண்ணச் சொன்னார்.
போகும்போது என் வாத்தைப் பாராட்டினார்.

மேசைக்குக் கீழே
சுவர் நின்ற இடத்தில் இரண்டு கோடு பசை.
ஜெஸ்வினின் ஜிகினா முழுக்க அங்கேதான் ஒட்டியிருந்தது.

இரவு, எங்கள் பலகைக்கு அந்தப் பக்கம் தும்மல்.
ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.
டிஷ்யூ டப்பாவை எடுத்துவிட்டேன்.
நாற்காலிமேல் ஏறியும்விட்டேன்.
என்ன சொல்லிக் கூப்பிட்டுப் போடுவது?
வாடகை நோட்டில் அந்தப் பெண்ணை நாங்கள்
'ரூம் இரண்டு' என்றுதான் எழுதுகிறோம்.