மழைக் கழிவு

மாதத்துக்கு ஒரு தரம்
அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கிற வங்கியில்
புத்தகத்தை மெஷினுக்குள் விடுவேன்.
கர்ரென்று இழுத்து, உள்ளே கொஞ்ச நேரம் யோசித்து
இளஞ்சூடாகத் திருப்பித் தரும்.

இந்த முறை சம்பளத்துக்குக் கீழே ஒரு வரி.
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு ரூபா சொச்சம்.
பக்கத்தில் பாதியில் வெட்டுப்பட்ட ஓர் இங்கிலீஷ் சொல்,
ஒரு நட்சத்திரக் குறி,
பஸ் போகாத ஏதோ ஊரின் பேர்.

பின்னால் புரட்டினால் போன மாதமும் இருக்கிறது.
அதற்கு முந்தியும்.
சில்லறை மட்டும் மாறி மாறி
பன்னிரண்டாம் தேதி தவறாமல்,
சீட்டுக்காரி மாதிரி.

ஒரு முழுப் பேருக்கும் மேலே.
விடியக் காலையில் மலை ஏறி
இருபது கிலோ நிறுத்து
செக்ரோலில் ஒரு பேர் விழுந்தால் வருகிற காசுக்கும் மேலே.
மாதம் ஒரு நாள்
யாரோ என் கூடைக்குள் கைவிட்டிருக்கிறார்கள்.

அட்டைக்குப் பின்னால் இருந்த நம்பருக்கு எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தவும்.
அழுத்தினேன்.
எட்டு நிமிஷம் பாட்டுப் போட்டார்கள்.
அப்புறம் ஒரு பையன் வந்து
என்ன உதவி வேணும் என்று
சிங்களத்தில் கேட்டான்.

கவுண்டரில் நிலுஷி மிஸ் நல்ல பிள்ளை.
"அக்கா, இது திருடன் இல்ல, ஆப்.
நம்பர் குடுத்தது உங்க ஃபோன் இல்லாட்டி உங்க வீட்டு ஆள்.
ஏழு நாள் சும்மா. எட்டாவது நாள் இருந்து சல்லி."

அந்தச் சொல்லைத் தன் ஃபோனில் தேடினாள்.
புருவம் சுருங்கியது, பிறகு சிரித்தாள்.
ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள்:
மெல்லிய மழை.
இடியோட மழை.
தகரத்துல மழை.

அடகுச் சீட்டோடு பின்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச்
சிரித்துவிட்டேன்.
காம்பராவில் மூன்று இடத்தில் சட்டி வைத்திருக்கிறவள்
மழையைக் காசு குடுத்து வாங்கியிருக்கிறேன்.
ஈரக் கொழுந்து என்று
சாக்குக்கு மூன்று கிலோ தண்ணிக் கழிவு போக
மிச்சத்துக்குத்தான் பேர் வாங்குகிறேன்,
அதற்கும் மேலே இந்தக் கழிவு.

பஸ்ஸில் இருந்தே தியாகுவுக்கு எடுத்தேன்.
கொழும்பு ஆமர் வீதியில் இரும்புக் கடை,
கடைக்கு மேலேயே படுக்கை,
ஆறு பேருக்கு ஒரு ஃபேன்.
முதலில் தெரியாது என்றார்.
நோர்வூட் வரும் வரைக்கும் பேசவில்லை, வைக்கவுமில்லை.
"தீவாளிக்கு வந்தப்ப ஒங் கார்டப் பாத்து அடிச்சேன்.
ஏழு நாளைக்குத்தான்னு நெனச்சேன் புள்ள.
ராத்திரி பூரா லொறிச் சத்தம். தூக்கமே வரல."

ஏறும்போது சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம்
எந்த வளைவில் இறங்கிப் போனதோ.

நிப்பாட்டுவதும் லேசில்லை.
உண்மையாகவே போகிறீர்களா என்று மூன்று தரம் கேட்டதாம்.
எங்களை இவ்வளவு மரியாதையாக
இருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நம்ம மழையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.
சொன்னதற்கென்றே நாலு நாள் வெயில்.
ஐந்தாம் ராத்திரி கொட்டியது.
ஃபோனை அரிசி டின்னுக்கு மேலே வைத்து
பன்னிரண்டு நிமிஷம் பிடித்தேன்.
பக்கத்துக் காம்பரா நாடகம், நாயின் குரைப்பு,
என் இருமல், சட்டிச் சொட்டு,
எல்லாம் அதற்குள் விழுந்துவிட்டது.

காலையில் மலைக்குப் போகிற வழியில்
தூக்கக் குரலில் ஒரு செய்தி:
"மூணாவது சட்டி நெறஞ்ச சத்தம் கேட்டுச்சே,
ஊத்தலியா?"

பத்து மணிக்குத் தராசு வந்தது.
கொழுந்து சொட்டச் சொட்ட இருந்தது.
மூன்று கிலோ என்று கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார்.
இதை நிப்பாட்ட எங்கே அழுத்துவது என்று
தராசைச் சுற்றிப் பார்த்தேன்.
ஒரு கொக்கி, ஒரு வட்ட முகம், ஒரு முள்.