கண் திறப்பு

பகாவ், அலோய் இரும்புக்கடையில்
கிலோ கணக்கில் நிறுத்து வாங்கியவை:
கூந்தலுக்கு மோட்டார் சங்கிலி,
இடுப்புக்கு நசுங்கிய மைலோ டின்,
மார்புக்குப் பால் மங்கு இரண்டு.
உள்ளே ஒட்டுப்பால் இன்னும் நாறுகிறது,
கழுவவில்லை.
நாக்கு, யாரோ வீசிய
சிவப்புச் செருப்பின் வார்.

கண்தான் அமையவில்லை.
பொத்தான் வைத்தேன், முழித்தாள்.
கோலிக்குண்டு வைத்தால் வேறு யாரோ.
மூன்று வாரம் குருடாகவே
பட்டறை வாசலில் நின்றாள்,
என்மேல் கோபமில்லாமல்.

கடைசியில்
சைக்கிள் ரிஃப்ளெக்டர் இரண்டு.
பகலில் வெறும் பிளாஸ்டிக்.
பூசாரியை நான் கூப்பிடவில்லை.

இரவு பதினொன்றரை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
வளைவில் திரும்பியது.

திறந்தாள்.

லாரி கிறீச்சிட்டு நின்றது.
ஓட்டுநர் இறங்கவில்லை,
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு
மெல்லக் கடந்து போனான்.

நான்
வெல்டிங் முகமூடியைக் கழற்ற மறந்து
நின்றிருந்தேன்.