போட்டாவர்

சயான் ஆஸ்பத்திரியில்
கேதகி சொன்ன மராத்திச் சொல் அது.
போட்டாவர்.
வயிற்றின் மேல் என்று அர்த்தமாம்.
என் காதில் விழுந்ததோ
போட்டா வரும்.
கீழே போட்டால்தான் வரும் கழுத்து.

ஆன்டாப் ஹில், மூன்றாம் மாடி,
பத்துக்குப் பன்னிரண்டு.
ஐந்தே முக்காலுக்குக் குழாய் நின்றதும்
டிரம்மை ஓரம் தள்ளி
ஈரம் துடைத்துப் பாய் விரித்தால்
ஓர் ஆளும் ஒரு முழமும் படுக்கலாம்.
நானும் நீயும்
சரியாக அந்த அளவு.

குக்கரில் பருப்பு.
மூன்று விசில் வரை நீ குப்புற.
முதல் விசிலுக்கு முன்பே
மூக்கைப் பாயில் தேய்த்து அழுகிறாய், கெசியா,
மாடியையே கூட்டுகிற அழுகை.
சுவரைத் தட்டுகிறாள் ஷிண்டே பாபி,
பிள்ளையை என்ன செய்கிறாய் என்று.
ஒன்றும் செய்யவில்லை பாபி.
தரை அவளைத் தள்ளுகிறது,
அவள் தரையைத் தள்ளுகிறாள்.

உன் சுமையெல்லாம் உன் தலைதான்.
வாஷி மார்க்கெட்டில்
வெங்காய மூட்டை தூக்கும் உன் அப்பனுக்கும்
இந்தக் கணக்கில் யாரும் ஏற்றுவதில்லை.

எனக்கும் ஒரு சீட்டு எழுதித் தந்திருக்கிறாள் கேதகி.
உன்னை எடுத்த கீறலுக்கு மேலே
தொப்புளின் இரு பக்கமும் சதை
இரண்டரை விரல் விலகிக் கிடக்கிறது.
அவள் அழுத்திப் பார்த்தபோது
யாரோ கதவைச் சாத்தாமல் போனதுபோல் இருந்தது.
போனவள் நீதான்.
மூச்சை விட்டபடி
தொப்புளை முதுகெலும்புவரை இழு,
பத்து எண்ணு என்றாள்.

ஆக, குப்புற நீ,
பக்கத்தில் மல்லாந்து நான்.
நீ இரண்டில் விட்டுவிடுகிறாய்.
நான் எட்டில்.
இதில் யாரை யார் திட்டுவது.

இன்று இரண்டாம் விசிலுக்குப் பிறகு
அழுகை சட்டென்று நின்றது.
பதறித் திரும்பினேன்.
முழங்கை இரண்டையும் ஊன்றி
கழுத்து நடுங்க நடுங்க
மேலே ஏறியிருந்தது உன் முகம்.
கன்னமெல்லாம் கோரை வரி.
தாடையில் எச்சில் ஒரு நூலாய்த் தொங்க
அப்படியே நின்றாய்,
வடாலாவுக்கு ஒரு ரயில் போய் முடியும்வரை.

என்னைத்தான் தேடுகிறாய் என்று
படுத்தவாக்கில் கைதட்டினேன்.
நீ என் பக்கமே திரும்பவில்லை.
டிரம்மின் அடியில் கசிந்து
பாயை நோக்கி வரும் தண்ணீரை
முதன்முதலாகத் தண்ணீரைப் பார்ப்பவள்போல்
பார்த்துக்கொண்டிருந்தாய்.

எழுந்து துடைக்க வேண்டும்.
ஒன்பது.
மூன்றாம் விசில் இன்னும் வரவில்லை.